அண்ணன் பிடித்த பந்துகள்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, எங்கள் பள்ளிக்கூட இணைய வானொலியில் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு நேர்முக வர்ணனை சொல்லும் பொறுப்பு எனக்கும் என் மச்சாளுக்கும் கிடைத்தது. கிடைத்தது என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, வேறு யாரும் அந்தப் பொறுப்பைக் கேட்டு வரவில்லை என்பதுதான் உண்மை. மச்சாள் மாமாவின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள், மூச்சு விடாமல் பேசக்கூடியவள். நானோ ஓரிடத்தில் இருக்கமாட்டாதவள். வகுப்பில் ஆட்டி ஆட்டியே இரண்டு கதிரைகளின் கால்களைக் கழற்றியிருந்தேன். இந்த இரண்டு தொல்லைகளையும் ஒரே மேசையில் இருத்திவிட்டால் மற்றவர்களாவது நிம்மதியாக இருக்கலாம் என்று ஆசிரியை எண்ணியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் கிங்ஸ்பரியில் இருந்தது. மைதானத்தைப் பார்த்த முதல் மாடி வகுப்பறையின் ஜன்னலோரம்தான் எங்கள் நிலையம். இரண்டு மைக், ஒரு மடிக்கணினி. எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண் திரையின் மூலையில் தெரியும். பெரும்பாலும் அது பத்தைத் தாண்டாது. அதில் ஒருவர் அம்மா.

அம்மா விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடமொன்றில் வேலை செய்தார். போனை லொக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். நான்கு மணிக்குப் பதினைந்து நிமிடத் தேநீர் இடைவேளை. அந்தப் பதினைந்து நிமிடமும் அம்மா எங்களைக் கேட்பார். காரணம் நானல்ல, அண்ணன். பதினைந்து வயதான அண்ணன்தான் பள்ளிக்கூட அணியின் கோல் கீப்பர்.

அரையிறுதிப் போட்டியன்று காலை, பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே அம்மா சொன்னார்: "நீங்கள் ரெண்டு பேரும் கடகடவெண்டு இங்கிலீசிலை சொல்ல எனக்கு ஒண்டும் விளங்கிறேல்லை. அண்ணை பந்தைப் பிடிச்சா மட்டும் தமிழிலை ஒருக்கா சொல்லு, என்ன?"

"ஓம் அம்மா" என்றேன்.

ஆட்டம் மூன்றரைக்குத் தொடங்கியது. காற்று பலமாக இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மைக்கின் வயரைச் சுருட்டினேன், விரித்தேன், ஜன்னலை எட்டிப் பார்த்தேன். என் கால் ஆடி மேசை அதிர்வது வானொலியில் கேட்கும் என்பதால் மச்சாள் ஒரு கையால் என் முழங்காலை அமத்திப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் இரண்டு தடவை பந்தைப் பிடித்தார். இரண்டு தடவையும் அவளுடைய ஆங்கிலத்துக்கு நடுவே நான் "பிடிச்சிட்டார்" என்று கத்தினேன். கேட்பதற்கு அம்மா அப்போது அங்கே இல்லை என்பது தெரிந்தும் கத்தினேன்.

நான்கு மணி தாண்டியதும் திரையில் ஆறு ஏழாகியது. அம்மா வந்துவிட்டார்.

சரியாக அப்போதுதான் ஓர் உயரமான பந்து வந்தது. அண்ணன் அதற்குப் பாய்ந்தார். எதிரணிப் பையன் ஒருவனும் பாய்ந்தான். அவனுடைய முழங்கால் அண்ணனின் தலையில் பட்ட சத்தம் ஜன்னல் வரை கேட்டது. பையன் எழும்பினான். அண்ணன் எழும்பவில்லை.

மச்சாள் மைக்கைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அறையில் நான் மட்டும். கீழே எல்லாரும் சத்தமின்றி நின்றார்கள். எங்கள் வானொலியிலும் சத்தமில்லை. திரையில் ஏழு அப்படியே நின்றது. தேநீர்க் கோப்பையோடு அம்மா இந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"அம்மா, ஒண்டுமில்லை" என்றேன் மைக்கில். "அண்ணை எழும்பிட்டார். சிரிக்கிறார். திருப்பி விளையாடுறார்."

சொல்லி முடித்ததும் மறுபடி மௌனம் வந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே தொடர்ந்தேன். பந்து இடப்பக்கம் வருகிறது என்றேன், உதைக்கிறான் என்றேன், அண்ணை பிடிச்சிட்டார் என்றேன். முழுக்கத் தமிழில் ஒரு புது ஆட்டத்தையே விளையாடினேன். கீழே ஆசிரியை முழங்காலில் நின்று அண்ணனின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பையன்கள் தங்கள் ஜாக்கெட்டுகளைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார்கள். நான் அண்ணனை இடமும் வலமும் பாய விட்டேன். அவர் மேல்மூலையில் ஒன்று பிடித்தார், காலடியில் ஒன்று பிடித்தார், பெனால்டி ஒன்றும் பிடித்தார். மைதான ஓரத்தில் போனைக் காதில் வைத்திருந்த ஒரு தமிழ்த் தகப்பன் மெல்லத் தலையை உயர்த்தி என் ஜன்னலைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

நாலேகாலுக்கு எண் ஒன்று குறைந்தது. இடைவேளை முடிந்து அம்மா போய்விட்டார். மைக்கை அணைத்தேன். வியர்த்திருந்தது. ஏதோ ஒன்றை வென்றுவிட்டதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது, அதற்குப் பிறகுதான் அழுதேன்.

டெலிவரி வான் ஓட்டும் அப்பா வேலையிலிருந்து வானோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைத் தாழ்வாரத்துக் கதிரையொன்றில் இருத்தினார். விழுந்த வேகத்தில் அண்ணனுக்குத் தோள்பட்டைப் பக்கம் காறை எலும்பு முறிந்திருந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அவர் கண் திறந்ததும் அம்மாவைக் கேட்டார். அப்பா போன் எடுத்தார். அம்மாவின் போன் லொக்கருக்குள் அடித்து ஓய்ந்தது. வேலையிடத்து எண் அப்பாவிடம் இருக்கவில்லை. அண்ணன் தான் கேட்டதையே மறந்து மறந்து திரும்பவும் கேட்டார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான் கதிரையிலிருந்து எழும்பினேன், இருந்தேன், நடந்தேன். ஒரு தாதி எனக்குத் தண்ணீர் கொடுத்து அமைதியாக இருக்கச் சொன்னார்.

வேலை முடிந்து போனைப் பார்த்த அம்மா ஏழு மணிக்குப் பிறகு வந்து சேர்ந்தார். வேலையிடத்தில் முடிக்கு மேல் போடும் வலைத் தொப்பியின் கோடு நெற்றியில் சிவப்பாக இருந்தது.

"என்னப்பா சொல்லுறியள்?" என்றார் அப்பாவிடம். "அவன் எழும்பி விளையாடினவனெல்லோ. நான் கேட்டனான். இவள் சொன்னவள்."

"இவள் என்ன சொன்னவள்?" என்று அப்பா கேட்டார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவுக்கு விளங்கிய கணம் அதுதான். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசாமல் அப்பாவிடம் திரும்பினார்.

"என்னைக் கேட்டவனோ?"

"ஓம். இப்பதான் நித்திரையானவன்."

அம்மா கட்டிலருகே இருந்து அண்ணனின் காலைத் தொட்டுக்கொண்டார். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் வந்து சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் சமையலறையில் அம்மா என்னிடம் கேட்டார். "உண்மையிலை எத்தினை பந்து பிடிச்சவன்?"

"ரெண்டு."

"நான் வேலையிலை என்னோடை லைனிலை நிண்ட எல்லாருக்கும் பத்தெண்டு சொல்லிப்போட்டன்."

அம்மா லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

சில மாதங்களில் அண்ணன் மறுபடி விளையாட வந்தார். அம்மா விடியற்காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். அதிகாலை மூன்றரைக்கே வீட்டை விட்டுப் போனால்தான் பின்னேரம் மைதானத்துக்கு வரலாம். மழையோ குளிரோ, கோலுக்குப் பின்னால் குடையோடு நின்றார். நின்றபடியே சில வேளை கண்ணயர்வதையும் மேலிருந்து கண்டிருக்கிறேன். அம்மாவுக்குப் புட்போல் பைத்தியம் என்று மச்சாளிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஒரே ஒரு குறைதான். அங்கே நின்றாலும் போனில் எங்களைப் போட்டுக் கேட்கலாமே, ஏன் கேட்பதில்லை என்று ஒருநாள் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டுவிட்டேன்.

"நேரிலை பாக்கிறது வேறை, மகள்" என்றார்.

ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்து, நானும் ஓமென்று தலையாட்டினேன்.