மாமி வைத்த பெயர் நந்தி

சுவிஸின் கூர் நகரத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, பழைய சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. புத்தகத் தட்டு வாங்கப் போன நான் ஒரு மர மிருகத்தோடு திரும்பி வந்தேன். கால்களை மடித்துப் படுத்திருந்தது. ஒரு காது உடைந்திருந்தது. முகம் மட்டும் ஏதோ பகிடி கேட்டுச் சிரிப்பை அடக்குவதுபோல இருந்தது.

"இதென்ன, நாயோ?" என்றாள் மனைவி.

"பண்டி மாதிரிக் கிடக்கு" என்றேன்.

எங்களோடு இருக்கும் மாமி, மனைவியின் தாய், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. "ரெண்டு பேருக்கும் கண் தெரியேல்லையோ? நந்தியெல்லோ!"

அன்று பின்னேரமே அது சாமித்தட்டுக்கு முன்னால் சிவனைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. நெற்றியில் திருநீறு. தலையில் பூ.

நான் முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. அங்கே என்னோடு நிற்கும் கமரூன்காரர் ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்தார். கை கழுவப் போனவர் சாமித்தட்டைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

அவர் எஜகாம் இனத்தவர். நைஜீரிய எல்லையோரக் காட்டுப்பக்கம் அவருடைய ஊர். "இது எங்கள் ஆட்கள் செதுக்கினது. சிறுத்தை," என்றார் டொச்சில், எங்கள் இருவருக்கும் பொதுவான ஜெர்மன் மொழியில். அவருடைய பெரியப்பா வீட்டில் இதே சாயலில் ஒன்று இருந்ததாம். அங்கே சிறுத்தைக்குப் பெரிய மரியாதையாம்.

மனைவி அதை மாமிக்குச் சொன்னாள். மாமி அசரவில்லை.

"சிறுத்தையெண்டால் என்ன? வந்த நாள் துவக்கம் எவ்வளவு அமைதியாய் இருக்குது!"

இதற்குள் கமரூன்காரர் நிலத்தில் குந்தியிருந்து அந்த உடைந்த காதைத் தடவிக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஊரை விட்டு வந்தபிறகு இப்படியொன்றைக் கண்டதில்லை என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. "நீங்களே கொண்டு போங்கோ," என்று டொச்சில் சொல்லிவிட்டேன்.

மாமிக்கு டொச் விளங்காது. ஆனால் இது விளங்கிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு அவரைப் பார்த்தா. பூவை எடுத்து, சேலைத் தலைப்பால் திருநீற்றைத் துடைத்து, சிலையை ஒரு துவாய்த் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தா.

"தம்பி, பஸ்ஸிலை கவனம். குளிர் படவிடாதேங்கோ."

மனைவி மொழிபெயர்க்க, அவர் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தலையாட்டினார்.

சாப்பாட்டு மேசையில் மாமி அவருடைய தட்டில் சோறும் கறியும் அள்ளி அள்ளிப் போட்டா. என் பக்கம் அகப்பை திரும்பவேயில்லை.