மே ஐ டீச்சரின் மாடிப்படி

டீச்சருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மே ஐ’. அவருக்கும் அது தெரியும். நாற்காலி அவருடையது, மேஜை அவருடையது; ஆனாலும் வாசலில் ஒரு கணம் நின்று, ‘மே ஐ கம் இன்?’ என்று எங்களைக் கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்.

மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரே அறை. கீழேயிருந்து வார்னிஷ் வாடை ஏறி வரும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இங்கிலீஷ் படிக்க வருகிற ஆட்கள் நாங்கள். செக்யூரிட்டி ஒருவர், ஆஸ்பத்திரி ஆயா ஒருவர், லிஃப்ட் பழுதுபார்க்கிற நான், இப்படி. டீச்சர் பலகையில் ஒரு மாடிப்படி வரைவார்; ஏற ஏற மரியாதை கூடும். அடிப்படியில் வெறும் கட்டளை. அதற்கு மேலே மஸ்ட், ஹேவ் டு, ஷுட், கேன், குட் என்று ஏறி, உச்சியில் மே, வுட் யூ மைண்ட். மறுநாள் வேலையிடத்தில் யாரிடமாவது கேட்க வேண்டிய ஒன்றை ஆளுக்கு ஒரு வாக்கியமாகக் கொண்டுவர வேண்டும். அதை ஒவ்வொரு படியாக ஏற்றி உச்சியில் நிறுத்தும்வரை உட்கார முடியாது. நடுவில் வழுக்கினால் மொத்த வகுப்பும் ‘ஏறு, ஏறு’ என்று சொல்லும்.

இந்தப் படியை அவர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அவருடைய அப்பா எடுத்ததற்கெல்லாம் கத்துகிறவர். அண்ணன்களும் அப்பாவுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அந்த வீட்டில் ஒரு பென்சில் வேண்டுமென்றாலும் தயங்கித் தயங்கித்தான் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணத்தைத் திறந்தபோது, கேட்பதற்கென்றே இத்தனை சொற்கள் வரிசையாக நின்றதைப் பார்த்து, தனக்கென்று ஒரு வீடு கிடைத்த மாதிரி இருந்ததாக ஒருமுறை சொன்னார். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகும் டீச்சரின் குரல் ஏறவே இல்லை. இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருகிற ஆள்.

இவரிடம் வந்து சேர்ந்தவர்தான் கொடி அண்ணன். சரக்கு யார்டில் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர். கையில் கொடி, வாயில் இடி. புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு இங்கிலீஷைத் தவிர எதுவும் தெரியாது. ‘ஏய், தள்ளு’ என்று அண்ணன் போட்ட சத்தம் அவருக்குத் திட்டாகப் பட்டு, மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது. மரியாதையாகப் பேசக் கற்றுக்கொள், இல்லையென்றால் கிரேன் பக்கமே வராதே என்று கம்பெனி சொல்லிவிட்டது. அண்ணனுக்கு அந்தக் கொடிதான் உயிர். வந்த புதிதில் மஸ்ட் படியிலேயே மல்லுக்கட்டினார். போகப் போக எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். வீட்டில் அண்ணியிடம் டீ கேட்பதற்கும் ‘வுட் யூ மைண்ட்’தானாம்.

பிறகு ஒருநாள், யார்டில் மரப்பெட்டி ஒன்று கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டே அதன் அடியில் வந்து நின்றார். கட்டியிருந்த பட்டை நழுவுவதை அண்ணன் பார்த்துவிட்டார். ‘சார், வுட் யூ மைண்ட்’ என்று தொடங்கினார். மிச்சம் வருவதற்குள் பெட்டி வந்துவிட்டது. சூப்பர்வைசருக்குத் தோள் எலும்பு முறிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று யார்டில் பேசிக்கொண்டார்கள்.

விசாரணையில் அண்ணன் மேல் தப்பில்லை என்று முடிவானது. மரியாதையாகத்தான் சொன்னார் என்று கட்டுப் போட்டுக்கொண்டு வந்த சூப்பர்வைசரே சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை முதல் தன்னைக் கேட் வேலைக்கு மாற்றிவிடும்படி கேட்கப்போவதாக வகுப்பில் சொன்னார். அவர் குரல் அடுத்த பெஞ்சைத் தாண்டவில்லை.

“கத்தணும்னுதான் வாயத் திறந்தேன் டீச்சர். படிதான் ஞாபகம் வந்துச்சு. மறுபடியும் அப்படி ஆனா?”

டீச்சர் டஸ்டரை எடுத்து, பலகையிலிருந்த மாடிப்படியை உச்சியிலிருந்து அழித்துக்கொண்டே வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அது அவர் வீடல்லவா. அடிப்படியை மட்டும் விட்டுவைத்தார். பிறகு தெருப்பக்க ஜன்னலைத் திறந்து, ஆளுக்கு ஒருமுறை ‘ஸ்டாப்’ என்று கத்தச் சொன்னார். ப்ளீஸ் சேர்த்தால் திரும்பக் கத்த வேண்டும்.

ஆயா கத்தினார், நான் கத்தினேன். தெருவில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணனுக்கு முதலில் வெறும் காற்றுதான் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் விட்டார் பாருங்கள் ஒரு சத்தம். பஸ் பிரேக் அடித்தது, சைக்கிளில் போனவர் காலை ஊன்றினார், காயில் கடைக்காரர் கையில் கம்பிச் சுருளோடு வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கேட் வேலையைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. திங்கட்கிழமை கொடியோடுதான் போனார்.

ஆனால் அன்றைக்கு வகுப்பு அதோடு முடியவில்லை. “நீங்க கத்தலயே டீச்சர்” என்றார் ஆயா.

டீச்சர் ஜன்னலருகே போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் பக்கம் திரும்பி, வழக்கமான அந்தச் சின்னக் குரலில் கேட்டார்.

“மே ஐ ட்ரை டுமாரோ?”

கொடி அண்ணன் எழுந்து நின்றார்.

“யூ மஸ்ட், டீச்சர்.”