சாரலில் பார்த்த அமெரிக்கப் படங்கள்

குற்றாலத்தில் அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில் மூன்று மாடி லாட்ஜ் கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு ஆரம்பித்த பிழைப்பு. தென்காசி வட்டாரத்தில் எனக்குச் சமமாக எழுந்து வந்தவன் ஒருவனைக் காட்டுங்கள், பார்க்கலாம். லாட்ஜுக்குக் கடைக்கால் போட்ட அன்றே எண்ணெய்க் கிண்ணத்தைச் சிற்றாற்றில் விட்டேன். இனி இன்னொருவன் முதுகில் இந்தக் கை படாது என்றேன். பட்டதும் இல்லை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகள், அங்கே ஒரு கறுப்பினப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக இந்தச் சாரல் சமயத்தில் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். அவளும் கெஞ்சவில்லை; என் மகள் அல்லவா. அந்த ஜனங்களைப் பற்றிய சில படங்களை எங்கள் டிவியில் வரச் செய்துவிட்டு, பார்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசுங்கள் என்றாள். இங்கிலீஷ் புரியாதே என்றதற்கு, முகத்தைப் பாருங்கப்பா, போதும் என்றாள்.

மத்தியானங்களில் லாட்ஜ் ஹாலில் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். ஜன்னல் வழியே சாரல் புகைபோல உள்ளே வரும். படத்தில் யாரோ பாடுவார்கள். பாட்டு அருவிச் சத்தத்தில் கரைந்துவிடும். கண் அசந்தால் அந்தக் கறுப்பு மனிதர்கள் ஐந்தருவியின் கீழே தலை குனிந்து நின்று குளித்துக்கொண்டிருப்பார்கள். விழித்தால் மறுபடி அவர்கள் ஊர், அவர்கள் தெரு.

ஒரு படத்தில் வேலைக்காரி ஒருத்தி வெள்ளைக்கார எஜமானிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். பிறகு கொல்லையில் தனியே தொங்கிய தகரக் குவளையில் தண்ணீர் குடித்தாள். அதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துப் பெரிய வீடுகளில் என் கை படாத முதுகு கிடையாது. அதே ஆட்கள் வாங்கித் தந்த டீயை நான் சிரட்டையில்தான் குடித்தேன். சிரட்டை விஷயத்தை மட்டும் மகளுக்குச் சொன்னதே இல்லை. படம் ஓட ஓட, நாக்கில் சிரட்டை நாரின் ருசி ஊறியது.

கடைசிப் படத்தில் ஒரு பையனின் காரைப் போலீஸ் மறித்தது.

"அவன் எதுக்கு ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேலயே வச்சிருக்கான்?" என்றாள் மனைவி.

கையை எடுத்தால் துப்பாக்கி எடுக்கிறான் என்று சுட்டுவிடுவார்கள் என்றேன். அவள் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நம்ம பிள்ளையும் அந்தக் காருலதான உக்காந்திருக்கும்."

வேண்டாம் என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். பயத்தினால் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஏது பயம்.

ஞாயிற்றுக்கிழமை போன் திரையில் மகள் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தான். நான் பார்த்த நேரமெல்லாம் அவை அசையவே இல்லை. கைகளை எனக்குத் தெரியும். இது அப்படி வைத்தே பழகிய கை. என் முன்னாலுமா அப்படி வைத்திருக்க வேண்டும்?

"கைய எடுத்துக்கச் சொல்லு," என்றேன் மகளிடம்.

சொன்னாள். அவன் சிரித்தான். கைகள் மெல்ல மேசையை விட்டு இறங்கின.

"அடுத்த சாரலுக்கு வாங்க மாப்ள. எண்ணெய் நானே தேச்சு விடுதேன்."

மகள் அதை உடனே இங்கிலீஷில் சொல்லவில்லை. கிண்ணம் ஆற்றோடு போன கதை அவளுக்குத் தெரியும். என்ன சொன்னேன் என்று தெரியாமல் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.