முதலில் வருபவர் தலைவர்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த இடத்தைத் தோட்டம் என்பார்கள். பெயருக்குக்கூட அங்கே ஒரு மரம் இல்லை. ஒரு முற்றம், அதைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், என் அப்பாவைப் போலக் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை செய்கிறவர்கள், நகரசபையின் துப்புரவு வேலைக்காரர்கள் என்று எல்லோரும் அங்கே இருந்தோம். குடியிருந்தவர்கள் சேர்ந்து அமைத்த சங்கம் பிறந்ததும் அந்த முற்றத்தில்தான்.

சங்கம் செய்தவற்றையெல்லாம் எழுத எனக்குப் படிப்புப் போதாது. குழாயடியில் துப்புரவு வேலைக்காரரின் குடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் வழக்கத்தை அதுதான் நிறுத்தியது. ஒரு குடும்பத்தை நியாயமில்லாமல் வெளியேற்ற ஆட்கள் வந்தபோது, முற்றம் நிறையச் சனங்களை உட்காரவைத்து மறித்தது. பெண்களுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியது. என் அம்மா அங்கேதான் பழகினார்; அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

அந்தச் சங்கத்துக்கு நிரந்தரத் தலைவர் கிடையாது. ஆரம்பத்தில் அந்தப் பதவிக்காகத் துறைமுகத்தாருக்கும் கிளாக்கர்மாருக்கும் பெரிய சண்டை நடந்ததாம். சண்டை முற்றியபோது என் மாமா, அம்மாவின் தம்பி, "கூட்டத்துக்கு ஆர் முதல் வாறாரோ அவர் அண்டைக்குத் தலைவர். விடுங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றாராம். பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் மறுபடி சண்டை வராததால் அதுவே சட்டமாகிவிட்டது. முதலில் வந்தவர் நாற்காலியில் இருப்பார். மற்றவர்கள் பாயில். மாமாவுக்கு அடிக்கடி வேலை இல்லாமல் போகும் என்பதால் அவரே அடிக்கடி தலைவராகவும் இருந்தார்.

ஒருநாளும் தலைவராகாத ஒருவர் இருந்தார். நகரசபைக்காகக் கக்கூஸ் வாளி எடுக்கிற பெண். அம்மா அவரை அக்கா என்பார், நான் பெரியம்மா என்பேன். வேலை முடிந்து, குளித்து, சேலை மாற்றிக்கொண்டு அவர் வரும்போது கூட்டம் பாதி முடிந்திருக்கும். எவ்வளவு இடமிருந்தாலும் பாயின் ஓரத்தில், கால் வெளியே இருக்கும்படிதான் உட்காருவார்.

மழை வந்தால் கூட்டமும் கலையும், கையெழுத்துப் பழக்கமும் கலையும். தலைக்கு மேல் ஒரு கூரை என்பதுதான் சங்கத்தின் பெரிய ஆசை. தோட்டத்தின் பின்னால் ஒரு பழைய கிடங்கு பூட்டியே கிடந்தது. தோட்டத்துக்கு உரிமையாளரான முதலாளிதான் அதற்கும் சொந்தக்காரர். அந்தக் குடும்பத்தை வெளியேற்ற ஆள் அனுப்பியவரும் அவரே. நகரசபைத் தேர்தல் கிட்ட வந்தபோது அவருக்குச் சங்கத்தின் மேல் திடீரென்று மதிப்பு உண்டானது. தம் வீட்டு மண்டபத்தில் விழா எடுத்து, சங்கத் தலைவருக்கு மாலை போட்டு, கிடங்குச் சாவியையும் சபை முன்னிலையில் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

நன்றி சொல்ல அப்பா போனபோது என்னையும் கூட்டிப் போனார்.

"தலைவர் ஆர், நீர்தானே?" என்று முதலாளி கேட்டார்.

"அது அண்டைக்குத்தான் ஐயா தெரியும்."

முதலாளி சிரித்துக்கொண்டார். அப்பா அடக்கத்தில் சொல்வதாக நினைத்திருக்க வேண்டும்.

எனக்கோ அப்பாவின் கழுத்தில் அந்தச் சரிகை மாலையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை. விழா நாளன்று பின்னேரம் எல்லோரும் கூட்டமாகப் புறப்பட்டார்கள். மாமா வழியில் காண்பவர்களிடமெல்லாம் நின்று கதைத்தார். அப்பாவும் அவசரப்படவில்லை. பொறுக்க முடியாமல், ட்ராம் வண்டியில் இடம் பிடிக்கிறவளைப் போல நான் முன்னால் ஓடினேன்.

மண்டபத்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. மேசையில் பித்தளைத் தட்டும் மாலையும் பெரிய சாவியும் இருந்தன. பின்கதவடியில், ஈரச் சேலையைச் செருகியபடி, கையில் விளக்குமாற்றோடு பெரியம்மா நின்றார்.

"நீங்க எப்ப வந்தனீங்கள் பெரியம்மா?"

"நான் எங்க பாப்பா வந்தேன்? பின்னாடி சாக்கடைக் கான் அடைச்சுப் போச்சுன்னு மத்தியானமே கூப்பிட்டாங்க. தண்ணி உள்ள வரைக்கும் வந்துருச்சு, இப்பதான் கழுவி முடிச்சேன். நான் வேலைக்கு வந்தவ. அது கணக்குல சேராது."

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாவுக்காக முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

சங்கத்தார் வந்தார்கள். முதலாளி அழைத்த நகரசபைப் பிரமுகர்களும் வந்தார்கள். முதலாளி மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு தலைவரை அழைத்தார். அப்பா எழுந்து, எந்தக் கூட்டத்திலும் கேட்கிற கேள்வியையே கேட்டார்.

"இண்டைக்கு ஆர் முதல்?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். "அப்ப இண்டைக்கு மருமகள்தான் தலைவர்! சட்டைக்கு மேல மாலை நிலத்தில இழுபடப் போகுது" என்றார் மாமா. பிரமுகர்கள்கூடச் சிரித்தார்கள்.

"உள்ளுக்க ஆரும் இருந்தவையோ, மகள்?" என்றார் அப்பா.

எனக்குச் சபையில் பேச வராது. இன்றைக்கும் வராது. நான் பின்கதவைப் பார்த்தேன். வேண்டாம் என்று பெரியம்மா தலையை ஆட்டினார். ஆனால் அப்பா கேட்டால் பொய் சொல்லியும் எனக்குப் பழக்கமில்லை.

"பெரியம்மா இருந்தவ. ஆனா வேலைக்குத்தானாம் வந்தவ."

சிரிப்பு நின்றுவிட்டது. மாமா மெதுவாக எழுந்தார். "வேலைக்கு வந்தாலென்ன, விருந்துக்கு வந்தாலென்ன? இந்த வாசலுக்குள்ள முதல் வைச்ச கால் அக்காவின்ர."

"விளையாடாதேயுங்கோ. சபை இருக்கு" என்று முதலாளி அப்பாவைப் பார்த்தார். "நீர் வாரும்."

"எங்கட சட்டம் அப்பிடி ஐயா" என்றார் அப்பா.

அம்மா பின்கதவடிக்குப் போனார். பெரியம்மாவின் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிச் சுவரில் சாத்தினார். பிறகு அதே கையைப் பிடித்து மேசை வரைக்கும் கூட்டி வந்தார். பெரியம்மா வழியெல்லாம் "வேணாம்மா, வேணாம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலாளி மாலையைத் தட்டில் வைத்து நீட்டினார். அம்மா அதை எடுத்துப் பெரியம்மாவின் கழுத்தில் போட்டார். அடுத்தது சாவி. பெரியம்மா இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். முதலாளி அதைக் கையில் வைக்காமல் மேலேயிருந்தே போட்டார். அது விரல் நுனியில் பட்டுச் சீமெந்துத் தரையில் விழுந்து, முதலாளியின் சப்பாத்துக் காலடியில் போய்க் கிடந்தது.

பெரியம்மா உடனே குனியப் போனார்.

"நில்லுங்கோ அக்கா" என்றார் அம்மா. அம்மா சபையில் வாய் திறந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரியம்மா நிமிர்ந்து நின்றார். அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. பெரியவர் கையிலிருந்து எது விழுந்தாலும் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். நான் எழும்பினேன். அப்பாவின் கை என் தோளை அழுத்தி உட்காரவைத்தது. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி அந்தச் சாவியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டால், எங்களுக்குக் கிடங்கும் இல்லை, கூரையும் இல்லை. அது எனக்கே தெரிந்திருந்தது. சங்கத்தார் எல்லோரும் அவரவர் இடத்தில் கற்சிலை மாதிரி இருந்தார்கள்.

முதலாளி முன்வரிசைப் பிரமுகர்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். சாவியை எடுத்து, இந்தத் தரம் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். பெரியம்மா விரல்களை மூடிக்கொண்டார். கைதட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் கொஞ்சம் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஒருவரும் ஓடவில்லை. மாமா ஏதோ பாடினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நடந்தார். மழைத் தண்ணீர் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபமாக இருந்தது.

"விழுந்ததை ஏன் ஒருத்தரும் எடுத்துக் குடுக்கேல்லை? உங்களுக்கு மரியாதை தெரியாதோ?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஓம் மகள், பிழைதான்" என்றார் அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு நிற்கவேயில்லை.

எனக்கு இன்னும் கோபம் வந்தது. மாலையும் தந்து, கிடங்கும் தந்த ஒரு பெரிய மனிதரை, அவ்வளவு பேர் இருந்தும், தனியே குனியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்களே. பாவம் முதலாளி என்று வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டே நடந்தேன்.