பெரம்பலூரில் ஒரு ஜெர்மன் படம்

இன்று பெரம்பலூரில் எங்கள் நண்பர்கள் குழு ஒரு வாடகை மண்டபத்தில் படம் திரையிட்டது. பழைய ஜெர்மன் நாவலைத் தழுவிய கறுப்பு வெள்ளைப் படம். பாட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை.

நாயகன் ஜன்னலோரம் நின்றவன் நின்றபடியே இருந்தான்.

"படம் நின்னுபோச்சா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"இல்லங்க, ஓடுது" என்றேன்.

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மண்டபக்காரர் என்னிடம் வந்தார்.

"இதெல்லாம் சென்னையில போடுற படம்மா. நம்மூருக்கு எதுக்கு? நிறுத்திட்டு வேற போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது.

"நம்மூருக்கு என்னங்க கொறச்சல்? ரயில்தான் இல்ல. நிறுத்த மாட்டேன்."

இருந்தவர்களோடு கடைசிவரை பார்த்தோம்.

உண்மையைச் சொன்னால், நடுவில் நானும் கொட்டாவி விட்டேன். ஒரு நல்ல படத்துக்குக் கொட்டாவி விடக்கூட நாங்கள் சென்னைக்கு பஸ் ஏற வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.