சனூன் வெட்டிய கஸ்கெற்

சனூன் ஏசாமல் ஓர் எஞ்சினைத் திருத்தியதாக விடத்தல்தீவில் யாரும் கண்டதில்லை. முதலில் எஞ்சினுக்கு ஏச்சு விழும். பிறகு அதை அந்தக் கோலத்தில் கொண்டுவந்தவனுக்கு விழும். எல்லாம் பூட்டி முடிந்து வண்டி ஒரே உதையில் கிளம்பியதும், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர்போல வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அவருடைய வாய்க்குப் பயந்து வேறு கராஜுக்குப் போனவர்கள்கூடக் கொஞ்ச நாளில் திரும்பிவந்து, வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். கை அப்படிப்பட்ட கை.

போர் நடந்த காலத்தில், ஊர் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டிவந்த அந்த ஐப்பசியில், கராஜிலிருந்து ஒரு சாமானையும் அவரால் கொண்டுபோக முடியவில்லை. தன்னுடைய பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளை மட்டும் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அங்கே கடற்காரன் எமிலியானுஸின் மீன் வாடி இருந்தது. எமிலியானுஸுக்கு அப்போது வள்ளம் ஓட்டத்தான் தெரியும், மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வண்டித் திறப்பை அவன் கையில் வைத்து, “வண்டியை மூடி வைக்காத. ஓடு. நிண்டால் உப்புக் காத்துத் திண்டுபோடும்” என்று சொல்லிவிட்டு, ஒரு துணிப் பையை எடுத்து, மனைவி ஸுஹறாவையும் கூட்டிக்கொண்டு போனவர்தான் சனூன்.

புத்தளத்துப் பக்கத்தில் ஓலைக் குடிசையில் வருடங்கள் ஓடின. முதலாளியாக இருந்தவர் இன்னொருவருடைய கராஜில் கூலிக்கு நின்றார். அங்கே வாடிக்கையாளரை ஏசக்கூடாது என்று கட்டளை. அகதி வாழ்க்கையில் மனிசனுக்குப் பெரிய கஷ்டம் அதுதான் என்று ஸுஹறா சிரிப்பாள். ஆனால் அவருடைய மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. கற்பிட்டிப் பக்கமெல்லாம் வெங்காயத் தோட்டம். தோட்டத்துக்குத் தோட்டம் தண்ணீர் பம்பு. பழுதான பம்பைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு வர முடியாமல் சனம் அந்தரப்பட்டது. கையில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால், ஸ்பனர் பையைப் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் வேலை செய்யலாம். மறுபடியும் தன் கைக்குத் தானே முதலாளி ஆகலாம். மறுபடியும் வாயாரத் திட்டலாம்.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் அவர் ஊருக்குக் கிளம்பியது விட்டுவந்த வண்டியை எடுத்துவரத்தான். பழைய எஞ்சின் எண்ணெய் கக்கிக்கொண்டுதான் இருக்கும் என்று ஊகித்து, புத்தளத்தில் ஒரு கஸ்கெற் பெட்டியும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எஞ்சினின் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கிற அட்டைதான் கஸ்கெற். அது சரியாக இருந்தால் எண்ணெய் வெளியே வராது, உள்ளே வெடிக்கிற பலமும் வீணாகாது. ஸுஹறா குடிசையின் ஒரு மூலையை ஒதுக்கிக் கூட்டி வைத்துவிட்டாள், வண்டி நிற்பதற்கு.

ஊரில் அவருடைய வீட்டுக்குக் கூரை இல்லை. சுவருக்குள் எருக்கலை நின்றது. அதைப் பார்த்துவிட்டு, எமிலியானுஸின் வீட்டு வளவுக்கு நடந்தார்.

எமிலியானுஸ், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிறபடி “நானா” என்று கூப்பிட்டு விரைந்துவந்து கட்டிப்பிடித்தான். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான் என்பதை சனூன் கவனித்தார். தேத்தண்ணி குடித்து முடிக்குமுன்பே அவன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினான்.

“நானா, உங்கட சாமான் இருக்கு. எடுத்துக்கொண்டு போங்கோ.”

பின்னால் பெரிய மீன் பெட்டி; அதில்தான் அவன் அடம்பன் ஊருக்கு மீன் கொண்டுபோய் விற்றான். எஞ்சின் முழுக்கக் கரிய எண்ணெய். எமிலியானுஸ் சின்னப் போத்தலிலிருந்து சொட்டுப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்தான். வண்டி பற்றியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தான். வளவே தெரியாமல் புகை கிளம்பியது. பெற்றோல் வராத அத்தனை வருடமும் ஊர் முழுக்க இப்படித்தான் ஓடியது. பாதை திறந்த பிறகும் பெற்றோல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

“இது எஞ்சினா, சாம்பிராணிச் சட்டியா?” என்றார் சனூன். பையை விரித்தார்.

துவைத்த சாரம் ஒன்றைத் தரையில் விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதில் வரிசையாக வைப்பது அவருடைய பழக்கம். ஒரு நட்டை மண்ணில் வைத்தவன் அவருடைய கராஜில் நிலைத்ததில்லை. எஞ்சினின் தலையான ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டரை மெல்ல மேலே இழுத்தார். அடியில் ஒரு கஸ்கெற் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தடித்த அட்டைகள், மேலும் கீழும் மஞ்சளாக இறுகிப்போன ஏதோ பசை. மோந்து பார்த்தார்.

“எமிலி, இது குங்கிலியமெல்லோ?”

“ஓம் நானா. எண்ணெயில காய்ச்சிப் பூசினனான். வள்ளத்துக்குப் பூசுறதுதானே.”

“இது வள்ளமாடா?”

“ஒழுகினால் அடைக்கத்தானே வேணும்.”

கடற்காரனுக்கு ஒழுகுவது எதுவானாலும் மருந்து ஒன்றுதான். சனூனுக்கு அடக்கிவைத்த அத்தனை வருடத்து ஏச்சும் ஒன்றாகக் கிளம்பியது. எண்ணெய் மேலே ஏறிப்போகிற துவாரத்தைப் பார்த்தபோது அது இன்னும் கூடியது. குங்கிலியம் வழிந்து துவாரத்தை அடைத்திருந்தது. அப்படியென்றால் ஹெட்டுக்கு எண்ணெயே போயிருக்காது. மேலே சுழல்கிற இரும்பெல்லாம் தேய்ந்து கருகிப் போயிருக்கும். தன் கனவு அந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்து, பார்க்கப் பயந்துகொண்டே ஹெட்டைத் திருப்பினார்.

உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது.

நம்பாமல் விரலை விட்டுத் தடவினார். ஒரு கீறல் இல்லை. “இது என்னெண்டு தப்பினது?” என்று எஞ்சினையே கேட்டார்.

பதில் சொன்னது எமிலியானுஸின் மனைவி அருளம்மா. “மேல டக் டக் எண்டு கேக்குது, எண்ணெய் ஏறேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் மேல் மூடியைக் கழட்டி இவரே கையால ஊத்துவார் அண்ணை. காலைச் செபத்தை மறந்தாலும் அதை மறக்கமாட்டார். நானா வந்து கேட்டால் என்ன சொல்லுறது எண்டுவார்.”

சனூன் தலை குனிந்துகொண்டார். மூங்கில் சீவலை எடுத்துப் பழைய அட்டையைச் சுரண்டத் தொடங்கினார். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், கீறல் வழியே மறுபடி ஒழுகும். அந்த வேலைக்கு அவரிடம் இருந்த பொறுமை வேறு எதற்கும் இருந்ததில்லை. கம்பியை விட்டுத் துவாரத்தைச் சுத்தம் செய்து, வாயை வைத்து ஊதி, மறுபக்கத்தில் காற்று வருகிறதா என்று விரலால் பார்த்தார்.

நிமிர்ந்தபோது எமிலியானுஸ் மீன் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“அதை ஏன் கழட்டுறாய்?”

“உங்களுக்கு என்னத்துக்கு நானா மீன் பெட்டி?”

“நீ என்னெண்டு அடம்பனுக்கு மீன் கொண்டுபோவாய்?”

“சைக்கிள் இருக்குத்தானே.”

“முழங்காலுக்குள்ள செல் குண்டுத் துண்டு இருக்கு அண்ணை,” என்றாள் அருளம்மா. “மிதிக்க ஏலாது. கடலுக்குப் போறதையும் அதாலதான் விட்டவர்.”

“நீ சும்மா இரு,” என்றான் எமிலியானுஸ். அவளைப் பார்க்காமல் அடுத்த நட்டில் ஸ்பனரை மாட்டினான்.

சனூன் புத்தளத்துப் பெட்டியைத் திறந்தார். ஹெட்டுக்குரிய கஸ்கெற்றை எடுத்து வைத்தார். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, அது எப்படியும் புதிதாகத்தான் போடவேண்டும். சிலிண்டருக்கு அடியில் போடுவதை எடுத்தபோது கை நின்றது. கடதாசிபோல மெல்லியது. அதைப் போட்டால் சிலிண்டர் இறங்கி உட்காரும், உள்ளே அழுத்தம் கூடும். பெற்றோலுக்கு அதுதான் சரி. வண்டி புதிதைப்போல ஓடும். ஆனால் அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் உள்ளே சம்மட்டிபோல அடித்து, சூடேறி, இறுகிவிடும். இந்த ஊரில் எல்லோரும் அட்டைக்குமேல் அட்டை போட்டது தெரியாமல் செய்த வேலை அல்ல, தடிப்புக் கூடினால் அழுத்தம் குறையும். மெல்லியதைப் போட்டால் வண்டி புத்தளத்துக்கு. தடித்ததைப் போட்டால் விடத்தல்தீவுக்கு.

அவருக்கு அந்த வண்டி வேண்டும். எவ்வளவு வேண்டுமென்பது அவருக்குத்தான் தெரியும். இன்னொருவன் கடையில் வாயைப் பொத்திக்கொண்டு கிழவனாவதை நினைக்கவே நெஞ்சு கசந்தது. மெல்லிய கஸ்கெற்றை போல்டுகளின் மேல் பிடித்துப் பார்த்தார். அச்சுப்போலப் பொருந்தியது.

“அதையே போடுங்கோ நானா,” என்றான் எமிலியானுஸ். அவனுக்கும் விளங்கியிருந்தது. “உங்கட பக்கம் பெற்றோல் கிடைக்குந்தானே.”

சனூனுக்கு அழுகை வந்தது. அழத் தெரியாத மனிதர் ஆகையால், “வேலை செய்யிற இடத்தில நிண்டு கதைக்காத” என்று ஏசினார். மெல்லியதைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். பையின் அடியில் சுருட்டி வைத்திருந்த தடித்த கஸ்கெற் தாளை எடுத்து விரித்தார்.

சிலிண்டரின் அடிவிளிம்பில் எண்ணெய் தடவித் தாளில் பதித்தார். உருவம் அப்படியே விழுந்தது. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினார். போல்டுத் துவாரங்களுக்கு, வளவில் கிடந்த வெற்றுத் தோட்டாக் கோது ஒன்றைத் தாளில் நிறுத்திச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வட்டம் சுத்தமாகக் கழன்று விழுந்தது. எண்ணெய் ஏறுகிற துவாரத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னும் ஒரு மயிரளவு அகட்டினார். இரண்டு அட்டையின் தடிப்பு ஒரே அட்டையில் வந்தது. ஒழுக இடமில்லை, குங்கிலியத்துக்கு வேலையில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சிலிண்டரை இறக்கினார். நட்டுகளை எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

எமிலியானுஸ் கையில் ஸ்பனருடன் பார்த்துக்கொண்டே நின்றான்.

“நானா, அது உங்கட அளவில்லை.”

“ஓம். உன்ர அளவு.”

“அப்ப நீங்கள் என்ன செய்வியள்?”

“நான் என்னவும் செய்வன். இனிக் குங்கிலியம் பூசினாயெண்டால் புத்தளத்திலயிருந்து வந்து உதைப்பன்.”

சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்தார். ஒரே உதை. மண்ணெண்ணெய்க்கு மாறியும் எஞ்சின் தடுமாறவில்லை, அடிக்கவில்லை. அவர் குனிந்து, காதைக் கிட்ட வைத்து, அது நன்றாகச் சூடேறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்திவிட்டு, திறப்பை எடுத்து எமிலியானுஸின் சேட்டுப் பைக்குள் போட்டார்.

“மீன் பெட்டியைத் திருப்பிப் பூட்டு. விடிய வள்ளங்கள் கரைக்கு வந்திடும்.”

எமிலியானுஸ் பெட்டியைத் தூக்கி வைத்தான். நட்டைப் போட முயன்றான், அது இரண்டு தரம் மண்ணில் விழுந்தது. அருளம்மா அதை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்து, ஸ்பனரை அவன் கையிலிருந்து வாங்கி, தானே பூட்டினாள்.