டீ வாங்கப் போன நேரம்

எழுபதுகளில் திருவண்ணாமலை வழியாகப் போன லாரிக்காரர்களில் செங்கம் ரோட்டு நசீருதீன் பாயின் டீசல் பட்டறையைத் தெரியாதவன் கிடையாது. வண்டி மேட்டில் திணறினால் பாய், கறுப்பாகப் புகை கக்கினால் பாய். இன்ஜின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு, "பம்ப்பைக் கழட்டுடா" என்பார். கழற்றுகிறவன் அப்பாதுரை. வேங்கிக்கால் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மாட்டைவிட லாரி பிடித்துப்போய் பட்டறைக்கு வந்தவன். வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது, மீசையில் நரைகூட எட்டிப் பார்த்துவிட்டது.

பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. பம்ப்பைக் கழற்றுவது, கழுவுவது, மறுபடி பூட்டுவது எல்லாம் அப்பாதுரையின் கைவேலை. ஆனால் பூட்டின பம்ப் எந்தக் கணத்தில் டீசலைப் பீச்ச வேண்டும் என்று டைமிங் வைக்கிற நேரம் வந்தால், பாய் தலையைத் திருப்பாமலே, "டேய் அப்பாதுரை, டீ" என்பார். ஆணியில் தொங்கும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அவன் கிளம்புவான். எதிரிலேயே டீக்கடை இருக்கிறது. ஆனால் பாய்க்குப் பஸ் ஸ்டாண்டு டீதான் இறங்குமாம்! அவன் திரும்பி வரும்போது இன்ஜின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்.

இது பாய் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை. வேலூரில் அவர் தொழிலுக்குச் சேர்ந்த உஸ்தாத் இதே நேரத்தில் அவரை பீடி வாங்க அனுப்புவார். நசீருதீன் ஒருநாள் பாதி வழியில் திரும்பி வந்து, பக்கத்து லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டார். கற்றுக்கொடுத்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்பது அந்தத் தொழிலில் எல்லா உஸ்தாதுக்கும் இருக்கிற பயம். பாய்க்குத் தான் திருடிக் கற்றதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அப்பாதுரைக்குத் திருடத் தெரியாது. போ என்றால் போய்விடுவான். நல்ல மனுஷனாகப் பிறந்தது அவன் குற்றமா, சொல்லுங்கள்.

எழுபத்தேழில் டீட்டர் என்கிற ஜெர்மன்காரனின் வேன் பட்டறை வாசலில் வந்து படுத்துக்கொண்டது. துருக்கி, ஈரான் எல்லாம் தாண்டித் தரை வழியாகவே ஆசிரமத்துக்கு வந்த வண்டி. அவனும் அவன் ஊரில் மெக்கானிக்தானாம். அவன் பேசிய இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொன்னவர் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸ் சக்கரபாணி. பேப்பரில் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு ஜப்பானில் அப்படி, ரஷ்யாவில் இப்படி என்று அளக்கிற ஆசாமி.

டீட்டர் அப்பாதுரையின் வேலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு இருந்தான். அப்புறம் ஏதோ கேட்டான்.

சக்கரபாணி சிரித்தார். "பாய், இவருக்கு எப்போ பரீட்சைனு கேக்கறான்."

"பரீட்சையா? அரே, இது என்ன பள்ளிக்கூடமா?" என்று பாயும் சிரித்தார்.

டீட்டர் சிரிக்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல சக்கரபாணி தமிழில் சொன்னார். "அவங்க ஊர்ல தொழில் கத்துக்க வர்றவனுக்கு மொதல்லயே ஒப்பந்தமாம். மூணு, மூணரை வருஷம். வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் பட்டறை. கடைசியில வெளியாளுங்க வந்து பரீட்சை வெப்பாங்களாம். சொல்லித் தர்ற உஸ்தாதும் தனியாப் பரீட்சை பாஸ் பண்ணணுமாம் பாய்! பையன் தேறலைன்னா, ஊர்க்காரன் மொதல்ல உஸ்தாத் மூஞ்சியத்தான் பாப்பானாம்." அதோடு நிறுத்தாமல் தன் சரக்கையும் சேர்த்தார். "ஜப்பான்ல பெரிய கம்பெனிங்களே ஆள எடுத்துத் தொழில் சொல்லித் தருதாம். நம்ம ஊர்ல ஐ.டி.ஐ. இருக்குது, சட்டங்கூட இருக்குது. அதெல்லாம் இந்தப் பட்டறைக்குள்ள எங்க நொழையுது?"

பம்ப் பூட்டியாயிற்று. பழக்க தோஷத்தில் பாய், "டேய் அப்பாதுரை, டீ" என்றார்.

டீட்டர் கையைக் குறுக்கே நீட்டினான். டீ அப்புறம், நீங்கள் டைமிங் வைப்பதை இவர் பார்க்க வேண்டாமா என்றான்.

பாய்க்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரன் எதிரில் மானம் போகிறதே என்று ஒரு பொய்யை எடுத்து விட்டார். "அவனுக்குத் தெரியாததா? பாதி வண்டிக்கு அவன்தான் டைமிங் வெக்கறான்னு சொல்லுங்க."

சக்கரபாணி சொன்னார். டீட்டரின் முகம் மலர்ந்துவிட்டது. கிரீஸ் என்றும் பாராமல் அப்பாதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்பாதுரை பாயை ஒரு பார்வை பார்த்தான். கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தான். அன்றைக்குத்தான் பாய்க்கு முதல்முதலாகத் உடம்பு கூசியது. அந்தப் பஸ் ஸ்டாண்டு டீகூட அன்றைக்கு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் பஸ் டெப்போ ஒன்றில் மெக்கானிக் எடுத்தார்கள். பாய் அன்று சொன்னதை வேதவாக்காக நம்பின சக்கரபாணி, அப்பாதுரையை விரட்டி மனுப் போட வைத்தார். வேலை கிடைத்தால், அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட வெள்ளையம்மாளைக் கொடுப்பதாக அவள் அப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். பட்டறையில் பம்ப் கழுவுகிறவனுக்குப் பெண் இல்லை என்றும் அவரே சொல்லியிருந்தார்.

அப்பாதுரை ஒரு காலையில் பாய் எதிரில் வந்து நின்றான். "பாய், டெஸ்ட்ல டைமிங் வெக்கச் சொல்லுவாங்களாம்..."

"தீபம் முடியட்டும்டா. வண்டிங்க ஜாஸ்தியா இருக்குது. பாத்துக்கலாம்" என்றார் பாய்.

அரை மணி நேர வேலை! பம்ப்பின் குழாய் வாயில் நிற்கிற டீசல் துளி எப்போது அசைகிறது என்று காட்டினால் போதும். பாய்க்கு அது தெரியாதா? தெரியும். இவன் போய்விட்டால் பம்ப்பை யார் கழுவுவது என்பதும் தெரியும். கார்த்திகை தீபம் ஏறியது, ஜனம் மலையைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியது, பாய் வாயே திறக்கவில்லை. அப்பாதுரையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

டெஸ்டுக்குத் துணையாகப் போயிருந்த சக்கரபாணி, மறுநாள் பட்டறைக்குள் வராமல் வாசலிலேயே நின்று சொன்னார். "கழட்டச் சொன்னாங்க, கழட்டினான். பூட்டச் சொன்னாங்க, அந்த ஆபீசரே அசந்துட்டாரு. அப்புறம் டைமிங் வெய்யின்னாங்க. கைய ரெண்டையும் தொடச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டான் பாய். பதினோரு வருஷமா உன் உஸ்தாத் என்னய்யா சொல்லிக் கொடுத்தான்னு ஆபீசர் கத்தினாரு. அதுக்கு இவன் என்னா சொன்னான் தெரியுமா? 'அவரு எல்லாம் காட்டினாருங்க சார். நான் மக்கு. எனக்குத்தான் ஏறல'ன்னான்."

பாயின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் திட்டியிருக்கலாம். ஊரெல்லாம் சொல்லிக் காறித் துப்பியிருக்கலாம். அதைத் தாங்கியிருப்பார். தன் பொய்யையே எடுத்து, தனக்கே குடை பிடித்துவிட்டானே! நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. அன்று பள்ளிவாசலில் தொழும்போதுகூடப் பக்கத்தில் நிற்கிறவர்கள் தன் முகத்தைப் பார்க்கிறார்களோ என்று குறுகிப் போனார். தை பிறந்ததும் வெள்ளையம்மாளை செங்கத்தில் ஒரு அரிசி மண்டிக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

அப்பாதுரை ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. எதுவுமே நடக்காதது போல வந்தான், கழற்றினான், கழுவினான். பாய்தான் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார். இப்படியே பல வாரம் ஓடியது. ஒருநாள், இன்றைக்குச் சொல்லித் தந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

பெங்களூர் லாரி ஒன்று நின்றிருந்தது. அப்பாதுரை பம்ப்பைப் பூட்டி முடித்தான். பாய் குனிந்து குழாயைத் திறந்தார். எப்படிச் சொல்வது? மன்னிச்சிக்கடா என்று ஆரம்பிப்பதா? துளி வந்து நின்றது. "அப்பாதுரை, இங்க வா. இதப் பாரு" என்றார்.

நிமிர்ந்து பார்த்தார். ஆணியில் பிளாஸ்க் இல்லை. அவர் சொல்லாமலே கிளம்பிப் போயிருந்தான்.

பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டார். டிரைவர் அவசரப்படுத்தியும் பம்ப்பைத் தொடவில்லை. வெயிலில் வேர்க்க வேர்க்க அப்பாதுரை பிளாஸ்க்கோடு வந்தான். இன்ஜின் ஓடவில்லை என்பதைக் கவனித்து வாசலிலேயே நின்றான். தப்பு செய்துவிட்டவன் போல முகம் மாறியது.

"இன்னும் முடியலீங்களா பாய்? சீக்கிரம் வந்துட்டேன் போல. போய்ப் போண்டா எதனா வாங்கிட்டு வரட்டுங்களா?" என்றான்.